அங்கப்பன் மற்றும் பலர்

யஷ்வந்த்பூர் சிக்னலில்
ஆட்டோ படுத்துக்கொண்டதால்
பதவி உயர்வு நேர்காணலுக்கு
ஏழு நிமிடம் தாமதம்.
எனக்கு முன்பே போய்
உட்கார்ந்திருந்தார் அப்பா,
திரையில்.

அங்கப்பன் எஸ்.
கட்டுரைகள் முப்பத்தெட்டு.
மேற்கோள்கள் இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு.
ஹெச் இண்டெக்ஸ் பத்தொன்பது.

எஸ் என்பது சுகுணவல்லி. நான்தான்.
இருபத்துமூன்று வயதில் முதல் கட்டுரை அனுப்பியபோது
குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது.
எங்கள் குடும்பத்தில் அப்படியொன்று கிடையாது.
இன்ஷியலை விரித்துப் போட்டேன்.
அன்றிலிருந்து ஆய்விதழ்கள் என்னை
அப்பா பெயரைச் சொல்லியே கூப்பிடுகின்றன.
அப்பா பி.எம்.டி.சி. கண்டக்டர்.
இருபத்தாறு வருடம் நானூற்றியொன்றில்.
ஆங்கிலத்தில் அவர் கடைசியாக முழுக்கப் படித்தது
தனக்கு வந்த மெமோ.

"அங்கப்பன் யார், கூட்டு ஆய்வாளரா?"
வேதியியல்காரர் கேட்டார்.
"இல்லை, நான்" என்றேன்.
ஒருவர் சிரிக்க
இன்னொருவர் குறித்துக்கொண்டார்.

பட்டியலின் தலையில் தீக்காயக் கட்டுரை.
எழுதியவர்கள் இருபத்திரண்டு பேர், நான் பதினான்காவது.
ஒரு மதியம், இரண்டு போண்டா,
மூன்றாம் அட்டவணையை மட்டும் போட்டுக்கொடுத்தேன்.
ஆயிரத்து முந்நூற்று ஆறு மேற்கோள்கள்.
அந்த அட்டவணையின் கடைசி வரியில்
ஒரு தசமப்புள்ளி இடம் மாறிவிட்டது.
நானே கண்டுபிடித்துத் திருத்தம் அனுப்பினேன்.
இரண்டு வருடம் கழித்து வெளியிட்டார்கள்.
திருத்தத்துக்கு மேற்கோள்
பூஜ்யம்.

அடுத்தது ராகிக் குலைநோய்.
மண்டியாவில் மூன்று பருவம், முழங்கால்வரை சேறு.
இருநூற்றுப் பன்னிரண்டு.

"உங்களுடையதில் சிறந்தது எது?"
டீன் கேட்டார், மெதுவாகத்தான்.
உதவியாளர் பையன் திரையைக் கீழே இழுத்தான்
இன்னும் கீழே
இன்னும்.
விடுபட்ட தரவுகள் பற்றிய ஒரு துணைத்தேற்றம்.
ஆறு வருடம்.
மேற்கோள்கள் நான்கு.

மேசைமேல் யாரோ பேனாவை உருட்டினார்கள்.
"துறைக்குத் துறை அளவு வேறு" என்று சொல்லி
பையன் சராசரியால் வகுத்தான்.
இந்தப் புலத்தில், அந்த வருடத்தில், சராசரி மூன்று.
ஆகவே நான்
ஒன்று புள்ளி மூன்று மூன்று.
"பரவாயில்லையே!" என்றார் கணிதக்காரர்.
அவருடைய ஆயுளுக்கும் பதினொன்றுதான்,
அவரே சொன்னது.

நான்கில் இரண்டு நான் போட்டுக்கொண்டவை.
ஒன்று என் மாணவன் மரியாதைக்குப் போட்டது.
நான்காவது
ஜபல்பூரிலிருந்து மேதா லகாடே:
'அங்கப்பன் கருதுவதுபோல் இங்கே கருத முடியாது.'
ஏழாம் பக்கத்து அடிக்குறிப்பில்
நான் சின்ன எழுத்தில் ஒளித்துவைத்த நிபந்தனையை
விளக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறாள்.
முதல்முறை படித்தபோது முகம் சுட்டது.
மூன்றாம் முறை
யாரோ என் அறைக்குள் வந்து
நாற்காலியை இழுத்துப் போட்டு
உட்கார்ந்ததுபோல் இருந்தது.
இதை அவர்களிடம் சொல்லவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இரவு ஸ்ரீராம்புரம் வீட்டில்
அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார்.
"என்னாச்சும்மா?"
"உங்க பேருல ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர்ப்பா."
"டிக்கெட் எடுத்தவங்களா, பாஸ் காட்டுனவங்களா?"
யோசித்தேன்.
"முக்காவாசி பாஸ்தான்.
ஒருத்தி மட்டும் சண்டை போட்டா."
"எதுக்கு?"
"ஸ்டேஜ் தப்புன்னு."
"தப்பா?"
"ஆமா."
"அப்ப அவ தினமும் போற ஆளு" என்று சொல்லிவிட்டு
சத்தத்தைக் கூட்டினார்.

முடிவு இன்னும் வரவில்லை.
வந்திருப்பது அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம்:
சுகுணவல்லி ஏ என்றொரு பெயரில்
தனியாக இரண்டு கட்டுரைகள் கிடக்கின்றனவாம்.
இருவரும் ஒருவரே என்று
சான்றொப்பத்துடன்
வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரவேண்டுமாம்.